ஆட்டமும் உணவும் ஆண்களின் நலமும்

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கால்பந்தாட்டத்தை விரும்பும் அன்பர்கள் பலர் உண்டு. உலகக் கோப்பைப் போட்டி நடைபெறும் நாட்களில், தேநீர்க் கடைகளில் அவர்கள் உரையாடுவதை நான் பன்முறை கேட்டிருக்கிறேன். பேச்சு ஆட்டத்தில் தொடங்கும். பரோட்டாவுக்கும் பால்கோவாவுக்கும் நகரும். இறுதியில் ஒருவருடைய இரத்த அழுத்தத்தில் வந்து நிற்கும். இதனை வீண்பேச்சு என்று தள்ளிவிடலாமா? ஆகாது என்பதே என் கருத்து. இம்மூன்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

முதலில் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 90 நிமிட ஆட்டத்தில் நடுக்கள வீரர் ஒருவர் ஏறத்தாழ 10 அல்லது 11 கிலோமீட்டர் ஓடுகிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் புறப்பட்டு இராஜபாளையம் வந்து சேரும் தொலைவு அது. பார்ப்பவரோ ஓரடியும் எடுத்து வைப்பதில்லை; ஆயினும் அவருடைய இதயம் வீரரோடு சேர்ந்து ஓடுகிறது. உள்ளம் கிளர்ச்சியுறும்போது அட்ரினலின் என்னும் சுரப்புநீர் குருதியில் கலக்கிறது, நாடித்துடிப்பு விரைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது. நலமுள்ள உடல் இதனைத் தாங்கும். இதயக் குழாய்களில் முன்னரே கொழுப்புப் படிந்தவருக்கு இது ஆபத்தாகலாம்.

இது கற்பனையன்று. 2006ஆம் ஆண்டு ஜெர்மனியில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தபொழுது, மூனிக் வட்டாரத்தில் மருத்துவர்கள் கணக்கெடுத்தனர். ஜெர்மானிய அணி ஆடிய நாட்களில் திடீர் இதயக் கோளாறுக்கு ஆளானோர் தொகை வழக்கத்தைப்போல 2.66 மடங்காக இருந்தது. பெண்களிடையே 1.82 மடங்கு, ஆண்களிடையே 3.26 மடங்கு! முன்னரே இதயநோய் உடையோர்க்கு ஆபத்து இன்னும் மிகுதி என்று 2008இல் வெளியான அவ்வாய்வு கூறிற்று.

அடுத்தது உணவு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சிச் செய்யப்படுவது. நம் மாவட்டத்து எண்ணெய்ப் பரோட்டாவோ மைதாவும் எண்ணெயும் கூடியது. இவற்றைப் பகைக்க வேண்டியதில்லை, அளவே கருதத்தக்கது. வயலில் உழைத்தவர் உண்ட அளவை, நள்ளிரவு வரை அமர்ந்து ஆட்டம் பார்ப்பவரும் உண்டால் உடல் என்ன செய்யும்? நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த ஆய்வொன்று 2023இல் தெரிவித்தது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்கவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயும் அப்பளமும் மிக்சரும் அந்த வரம்பை எளிதில் கடத்திவிடும்.

இனி, பேச்சு ஏன் நோயில் வந்து நிற்கிறது? நம் ஊர் ஆண்கள் தம் உடல்நோவை வீட்டில் சொல்லத் தயங்குவர். வீரர் ஒருவரின் காயத்தைப் பேசும் சாக்கில்தான் தம் வலியையும் சொல்கின்றனர். என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர், நெஞ்சில் ஏற்பட்ட அழுத்தத்தை வாயுத் தொல்லை என்று கருதி இரண்டு நாள் சோடா அருந்தி வந்தார். மூன்றாம் நாள் அவர் நம்மிடையே இல்லை.

இதற்கு மாறாக ஒன்றைப் பாருங்கள். 2021 ஜூன் 12ஆம் நாள் கோபன்ஹேகனில், டென்மார்க்கு வீரர் எரிக்சன் இதயத்துடிப்பு நின்று களத்திலேயே சாய்ந்தார். உடனே மார்பை அழுத்தினர், மின்னதிர்ச்சி தந்தனர், அவர் பிழைத்தார். மறு ஆண்டே மீண்டும் ஆடினார். காலந்தாழ்த்தாமையே அவர் உயிரைக் காத்தது.

ஆகவே, உங்கள் தந்தையோ மாமாவோ பேச்சை உடல்நலத்தின் பக்கம் திருப்பினால், நகைத்து விலகாதீர்கள். “இரத்த அழுத்தம் எப்போது பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் பார்ப்பார்கள். நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இவற்றுள் எது தோன்றினும் 108ஐ அழையுங்கள். ஆட்டத்தின் முடிவை மறுநாள் நாளிதழில் படித்துக்கொள்ளலாம்.