ஃபார்மலின் வரைந்த பிறை

கண்ணீர் கரிக்கிறது, வியர்வை கரிக்கிறது. எச்சில் மட்டும் ஏன் கரிப்பதில்லை? மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் முப்பது வருஷம் ஸ்லைடு தயாரித்தவன் நான். கேள்விக்கு விடை அந்தக் கண்ணாடித் துண்டிலேயே இருக்கிறது.

சுரப்பித் துண்டை ஃபார்மலினில் ஊறப்போட்டு, மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் 5 மைக்ரான் கனத்துக்குச் சீவுவோம். ஒரு மில்லிமீட்டரில் 200 சீவல். பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது. பிறகு ஹிமடாக்சிலின் நீலமும் ஈயோசின் சிவப்பும் ஏற்றுவோம்.

பொன்னுக்குவீங்கி வந்தால் காதடியில் புடைக்குமே, அதுதான் பரோட்டிட் சுரப்பி. லென்ஸ் வழியே பார்த்தால் திராட்சைக் கொத்து. ஒவ்வொரு பழத்திலும் ஆப்பு வடிவச் செல்கள், நடுவில் சின்னத் துளை. செல்லின் அடிப்பாகம் நீலம்; புரதம் தயாராவது அங்கே. துளைப் பக்கம் சிவந்த மணிகள். சோற்றின் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி அவற்றில்தான் மூட்டை கட்டியிருக்கிறது.

நாக்கடிச் சுரப்பியில் வழவழப்புத் தரும் சளிச் செல்களே அதிகம். சளியில் இந்தச் சாயங்கள் சரியாக ஏறாது. அதனால் செல் வெளுத்துத் தெரியும். உட்கரு அடியில் நசுங்கி ஒட்டிக் கிடக்கும். கொத்துகளைச் சுற்றிக் கைவிரித்துப் பிடித்திருக்கும் வேறு சில செல்கள், தசைபோலச் சுருங்கி எச்சிலைப் பிழிந்துவிடும். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை.

கொத்தில் ஊறும்போது எச்சிலும் கரிப்புதான், ஏறக்குறைய ரத்தநீர் அளவுக்கு. அது வரிக்குழாய் வழியாக வரும்போது உப்பு இழக்கிறது. அந்தக் குழாய்ச் செல்களின் அடியில் கோடு கோடாகத் தெரிவது சவ்வின் மடிப்புகள். இடையிடையே மைட்டோகாண்ட்ரியா வரிசை. அவை தரும் ஆற்றலில் செல் சோடியத்தை இழுத்துக்கொள்கிறது. குழாய்ச் சுவர் தண்ணீரை எளிதில் விடாது. ஆகவே நீர் வாய்க்கு வருகிறது, உப்பு உடம்புக்குத் திரும்புகிறது.

இனி என் தொழிலின் குட்டு ஒன்று. சளிக் கொத்தின் முதுகில் நொதிச் செல்கள் பிறைபோல ஒட்டியிருப்பதை 1865இல் இத்தாலியரான ஜியானுஸ்ஸி விவரித்தார். நானும் எத்தனையோ மாணவர்களுக்கு, “இந்தா தம்பி, பிறை” என்று காட்டியிருக்கிறேன். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் நாக்கடிச் சுரப்பியை ஃபார்மலினில் ஊறவைக்காமல் நொடியில் உறையவைத்துப் பார்த்தார்கள். பிறையைக் காணோம்! இரண்டு வகைச் செல்களும் தோளோடு தோள் நின்று துளையைத் தொட்டுக்கொண்டிருந்தன. வழக்கமான பதப்படுத்தலில் சளிச் செல்கள் உப்பி, பக்கத்துச் செல்களை வெளியே நெட்டித் தள்ளுகின்றன. பிறை அப்படிப் பிறந்தது.

பாடப்புத்தகத்தில் பிறை இன்னும் இருக்கிறது. மாணவர்களே, பரீட்சையில் தாராளமாக வரையுங்கள். நோட்டில் மட்டும், அதைப் பாதி வரைந்தது ஃபார்மலின் என்று குறித்துக்கொள்ளுங்கள்.