அரக்குத் தட்டில் உறையும் தமிழ்க் குரல்



பழைய கிராமபோன் பெட்டிகளையும் இசைத்தட்டுகளையும் திரட்டுவோர் இருவர் சந்தித்தால், பேச்சு பெரும்பாலும் ஒரே வினாவில் வந்து நிற்கும்: "உங்களுக்குக் கிடைத்தவற்றுள் உங்கள் மனத்துக்கு மிக உகந்தது எது?" விலை உயர்ந்த பொருளையே சுட்டுவார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் பலர் எடுத்துக் காட்டுவது கீறல் விழுந்த ஒரு தட்டையோ, விளிம்பு உடைந்த ஒரு நாடகத் தட்டையோதான். அதில் வேறெங்கும் கிடைக்காத ஒரு குரல் இருக்கிறது என்பதே அவர்கள் சொல்லும் காரணம்.

அதே வினாவை மொழி பயில்வோர் பக்கம் நின்று கேட்பது இப்பொழிவின் நோக்கம். தமிழ் கற்பிப்போர், கற்போர் என்ற முறையில் நமக்கு உகந்த தட்டு எது? அதில் எதை நம்பலாம், எதை நம்பலாகாது? இம்மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் அத்தகைய தட்டு ஒன்று கிடைத்தால் அதை எவ்வாறு காப்பது?

குரல் பொருளானது எவ்வாறு?

1877இல் தாமஸ் ஆல்வா எடிசன் அமைத்த போனோகிராப், ஈயத்தகடு சுற்றிய உருளையில் குரலைப் பதித்தது. உருளையில் பதிந்ததைப் பல படிகளாகப் பெருக்குவது அக்காலத்தில் எளிதாக இல்லை. 1887இல் எமில் பெர்லினர் உருளைக்கு மாற்றாகத் தட்டையான வட்டத்தைக் கொண்டு கிராமபோனை உருவாக்கினார். ஒரு தாய்த்தகட்டிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளை அச்சிட்டு எடுக்க அது வழி செய்தது. நூலுக்கு அச்சுப்பொறி செய்ததைக் குரலுக்குத் தட்டு செய்தது எனலாம்.

1902 நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். அதே பயணத்தின் தொடர்ச்சியாக 1903இல் சிங்கப்பூரிலும் பதிவுகள் நிகழ்ந்தன. சில ஆண்டுகளுக்குள் சென்னையும் அவ்வட்டத்துள் வந்தது. பதிவான மூலங்கள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலில் சென்று, அங்கே தட்டுகளாக அச்சாகித் திரும்பின. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை அமைந்த பின்னரே இந்தியாவில் தட்டுகள் உருவாயின.

அக்காலத் தட்டுகள் சிலவற்றில் பாட்டு முடிந்ததும் பாடியவரே தம் பெயரைச் சொல்வதைக் கேட்கலாம். மாணவர்கள் இதைத் தற்பெருமை என்று எண்ணிவிடுவது உண்டு. தொலைவில் இருந்த ஆலையில் பணிபுரிந்தவர்களுக்கு மொழியும் தெரியாது, பாடகரையும் தெரியாது. எந்த மூலத்துக்கு எந்தப் பெயர்ச்சீட்டை ஒட்டுவது என்பதை அக்குரலே அவர்களுக்கு உணர்த்தியது. அதாவது, அது தட்டின் முகவரி.

இனி, தட்டின் உடல். 78 சுற்றுத் தட்டை அடிப்படையில் பிணைத்து நிற்பது அரக்கு. மரங்களில் வாழும் சிறு பூச்சியின் சுரப்பிலிருந்து கிடைக்கும் அவலரக்குடன் கல்மாவும் பஞ்சிழையும் கரியும் கலந்து, சூட்டில் இளக்கி அழுத்தினால் தட்டு பிறக்கும். பாரதக் கதையில் வரும் அரக்கு மாளிகையை நாம் அறிவோம். சூட்டுக்கு இளகும் அந்த இயல்புதான் தட்டில் குரல் பதியக் காரணம். அதே இயல்பே தட்டின் அழிவுக்கும் காரணமாகிறது.

திரட்டுவோர் எதை நாடுகிறார்கள்?

இத்துறையில் பெயர் பெற்றோர் பலர். சென்னையின் வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டியவர். கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் பிளாசனால் என்னும் சிற்றூரில் சன்னி மாத்யூ தம் தட்டுகளையும் கருவிகளையும் கொண்டு ஓர் அருங்காட்சியகமே அமைத்தார். 1990இல் மும்பையில் தோன்றிய இந்திய இசைத்தட்டுத் திரட்டுவோர் சங்கம், தனி இதழ் ஒன்றும் நடத்தியது.

தமிழ்த் தட்டுகளைத் திரட்டுவோர் விரும்பித் தேடுபவற்றை நான்கு வகையாகப் பகுக்கலாம். முதலாவது, ஒரு பக்கம் மட்டுமே பாட்டுள்ள தொடக்ககாலத் தட்டுகள். இரண்டாவது, தட்டில் அன்றி வேறெங்கும் வாழாத குரல்கள். 1906இல் பிறந்த செங்கோட்டை கிட்டப்பா, தமிழ் பேசும்படம் காலூன்றத் தொடங்கிய 1933இல் மறைந்தார். படத்தில் நடிக்காத அவரை நாம் கேட்பது தட்டுகளின் வழியாகத்தான். 1917இல் மறைந்த கோயம்புத்தூர் தாயியின் குரலும் அத்தகையதே. 1912இல் இந்தியாவுக்கு வந்த மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் படைப்பில் அவர் குரலின் தாக்கம் உண்டு.

மூன்றாவது, நாடகத் தொகுதிகள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமே இடம் இருந்ததால், ஒரு கதையைப் பல தட்டுகளில் பகுத்து வெளியிட்டனர். சென்னையில் ஏ. வி. மெய்யப்பன் நண்பர்களுடன் 1932இல் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளை வெளியிட்டுப் புகழ்பெற்றது. ஒரு தொகுதியின் எல்லாத் தட்டுகளையும் தேடிச் சேர்க்கப் பல ஆண்டுகள் அலைவோர் உண்டு. நான்காவது, கருவிகள். 1925இல் வெளிவந்த எச்.எம்.வி. 101, 1931இல் வெளிவந்த 102 ஆகிய கைப்பெட்டி வகைகள் இன்றும் நன்றாக இயங்கக் கூடியவை.

கருவி வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பளபளக்கும் பித்தளைக் கூம்பும் புதிய மரப்பெட்டியும் நாய்ப் படமும் சேர்த்துப் பழமை என்று விற்கப்படுபவற்றுள் பல அண்மைக்காலப் போலிகள். கூம்பின் பொலிவைக் காட்டிலும் பெட்டிக்குள் இருக்கும் சுருள்வில் இயந்திரத்தைப் பார்ப்பதே அறிவுடைமை.

மொழியாளருக்கு உகந்த தட்டு

இந்நால்வகையையும் சந்தை, பாடகரின் பெயரையும் அருமையையும் வைத்து மதிப்பிடுகிறது. மொழியாளரின் மதிப்பீடு வேறு. நம் இலக்கணம் எழுத்தின் பிறப்பிடத்தை வகுத்தது. மாத்திரையைக் கண் இமைக்கும் நேரத்தால் அளந்தது. ஆயினும் நூறாண்டுகளுக்கு முன் ஒரு தஞ்சாவூர்க்காரரோ திருநெல்வேலிக்காரரோ பேசிய பேச்சு எப்படி ஒலித்தது என்பதை ஏடு நமக்குச் சொல்லாது. தட்டு சொல்லும். ஆனால் அதனிடம் கேட்கும் முறை அறிந்து கேட்க வேண்டும்.

முதல் செய்தி, தட்டின் செவிக்கு ஓர் எல்லை உண்டு. 1925இல் மின்வழிப் பதிவு வரும்வரை, பாடுவோர் ஒரு கூம்பின் வாயில் முகம் வைத்துப் பாடினர். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகைக் கீறியது. அம்முறையில் மிக உயர்ந்த அதிர்வுகள் பதியவில்லை. 'ஸ' போன்ற உரசொலிகள் பெரிதும் அவ்வுயர் அதிர்வுகளால் ஆனவை. ஆகவே 1910ஆம் ஆண்டுத் தட்டில் அவ்வொலி மங்கிக் கேட்டால், பாடியவர் அப்படித்தான் ஒலித்தார் என்று முடிவு கட்டலாகாது. ஒற்று இரட்டிப்பது, குறில் நெடில் வேறுபாடு ஆகியவற்றை அத்தட்டு ஓரளவு நம்பகமாகக் காட்டும்.

இரண்டாவது, வேகம். 78 சுற்று என்று நாம் அழைத்தாலும், தொடக்ககாலத் தட்டுகள் பல அதற்குச் சற்றுக் கூடியோ குறைந்தோ பதிவானவை. 72 சுற்றில் பதிவானதை 78இல் ஓட்டினால் மூன்று நிமிடப் பாட்டு 2 நிமிடம் 46 நொடியில் முடியும். குரல் அரைக்கட்டைக்கும் மேலாக உயரும். மாத்திரையை அளக்கப் புகுமுன் வேகத்தைச் சரிபார்ப்பது இதனால் இன்றியமையாதது.

மூன்றாவது, பாட்டு பேச்சன்று. தாளத்துக்காகக் குறில் நீளும், நெடில் குறுகும். ஆதலால் ஒலிப்பை ஆராய்வோர்க்குப் பெரும்பாடகரின் கீர்த்தனையைக் காட்டிலும் நாடகத் தட்டின் உரையாடலும் நகைச்சுவைத் தட்டின் வாய்ச்சண்டையும் பயன் மிக்கவை. அவை பழைய பொருள் கடையில் குறைந்த விலைக்குக் கிடைப்பவை. திரட்டுவோர் தள்ளிவைக்கும் தட்டே நம் கைக்கு உகந்த தட்டாக அமையலாம்.

இவ்வுண்மையை அறிஞர் சிலர் முன்பே உணர்ந்தனர். ஜார்ஜ் கிரியர்சன் தலைமையில் நடந்த இந்திய மொழியியல் அளவாய்வின் தொடர்பில், 1913 முதல் 1929 வரை பல மாகாணங்களில் பேச்சு மாதிரிகள் கிராமபோன் தட்டுகளில் பதிவாயின. ஊதாரி மைந்தனின் உவமைக் கதையை அவரவர் மொழியில் சொல்லச் செய்து, அதனுடன் வேறு கதைகளையும் பாடல்களையும் சேர்த்துப் பதித்தனர். தமிழும் அவற்றுள் உண்டு. விற்பனைக்கு எனப் பதிவாகாத அத்தட்டுகளை இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய நூலகத்தில் எவரும் கேட்கலாம். வகுப்பறையில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கும் ஆசிரியர், இலக்கண நூலில் படித்த ஒலியை மாணவர் தம் செவியாலேயே ஆராயச் செய்யலாம்.

இம்மலையில் நாம் தேட வேண்டியது

இனி நம் ஊருக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளந்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்டங்களில் தமிழர் உழைப்பு வேரூன்றிய காலமும், தமிழ்த் தட்டுகள் பெருகிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. கைப்பிடியைச் சுற்றி முடுக்கும் பெட்டிக்கு மின்சாரம் வேண்டா. மின்கம்பி எட்டாத இடத்திலும் அது பாட வல்லது. கப்பலேறி வந்தோரின் பெட்டியிலோ, கடைத்தெரு வழியாகவோ வந்து சேர்ந்த தட்டு ஒன்று, இன்றும் ஏதோ ஒரு வீட்டின் டிரங்குப் பெட்டியடியில் கிடக்கக் கூடும். பிரிஞ்சாங்கில் உள்ள டைம் டன்னல் காட்சியகம், அன்றாடப் புழங்குபொருள்களும் வரலாறு பேசும் என்பதை நமக்குக் காட்டுகிறது. இசைத்தட்டும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

தட்டு கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது அதை ஓட்டிப் பார்ப்பதன்று, படிப்பதாகும். பெயர்ச்சீட்டில் உள்ள நிறுவனப் பெயர், பாடியவர் பெயர், எண் ஆகியவற்றை எழுத்து மாறாமல் படியெடுக்க வேண்டும். சீட்டை ஒட்டிய வழுவழுப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் குறிக்க வேண்டும். பதிவான காலத்தை அறிய அவ்வெண்ணே துணை. அதற்கடுத்து, அத்தட்டு யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, எந்நாளில் அதைக் கேட்டார்கள் என்பதை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுத வேண்டும். தட்டுக்கு வேறொரு படி உலகில் எங்கேனும் இருக்கலாம். அப்பாட்டியின் நினைவுக்கு வேறு படி இல்லை.

காக்கும் முறை

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாகாது. கீழுள்ளவை வளையும், உடையும். நூல்களைப்போல் நிமிர்த்தி, தனித்தனி உறையில் வைக்க வேண்டும். இம்மலையின் ஈரம் பூஞ்சைக்கு உகந்தது. ஆகவே சுவரை ஒட்டியோ தரையிலோ வைத்தலும் கூடாது. வெயிலில் உலர்த்தினால் அரக்கு இளகிவிடும்.

துடைப்பதற்கு ஸ்பிரிட் பயன்படுத்துவது பெரும்பிழை. தச்சர்கள் மரத்துக்கு மெருகேற்ற அரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தட்டின் அரக்கும் அதில் அவ்வாறே கரையும். காய்ச்சி வடித்த நீரில் மென்மையான வழலைக் கரைசல் சில துளி கலந்து, பெயர்ச்சீட்டு நனையாமல், மென்தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, உடனே ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும்.

பழைய எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றப்பட்டது. தேய்ந்த ஊசி தட்டின் பள்ளத்தை உழுதுவிடும். இக்கால நெடுந்தட்டுக்கு உரிய ஊசியும் இதற்குப் பொருந்தாது. அதன் முனை ஏறத்தாழ 18 மைக்ரோமீட்டர். 78 சுற்றுத் தட்டுக்கு ஏறத்தாழ 75 வேண்டும். தக்க ஊசி உள்ளவரிடம் கொடுத்து ஒருமுறை எண்ணிமப் பதிவு செய்துகொண்டபின், தட்டை ஓய்வில் வைப்பதே முறை. உடைந்த துண்டுகளையும் எறிந்துவிட வேண்டா. எல்லாத் துண்டும் இருந்தால் வல்லுநர் அதிலிருந்தும் குரலை மீட்க முடியும்.

சுப்பிரமணிய பாரதியார் 1921இல் மறைந்தார். அதற்குப் பல்லாண்டு முன்பே சென்னையில் தட்டுகள் பாடிக்கொண்டிருந்தன. பாடவும் பேசவும் வல்ல அக்கவிஞரின் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. பதிவாகாத குரலுக்கு நாம் செய்யக் கூடியது ஒன்றும் இல்லை. பதிவாகியும் நம் வீட்டு ஈரத்தில் அழியும் குரலுக்கு நாம் பொறுப்பு உடையவர்கள்.

மாணவர்களே, வரும் விடுமுறையில் உங்கள் தாத்தா பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் வீட்டில் பாட்டுப் பெட்டி இருந்ததா?" தட்டு கிடைத்தால் மேற்சொன்னவாறு காத்திடுங்கள். தட்டு கிடைக்காமல், அவர்கள் கேட்ட பாட்டைத் தம் வாயால் பாடிக் காட்டினால், அதையும் உங்கள் கைப்பேசியில் பதிவு செய்து, நாளும் பெயரும் ஊரும் எழுதி வையுங்கள். நூறாண்டுக்குப் பின் தமிழ் பயில்வோர் ஒருவர் தேடி அடையும் மிக உகந்த பொருளாக அதுவே அமையலாம்.