பசுந்தேயிலையும் உடற்பருமனும்

குரும்பகரம் முதலிய காரைக்கால் கிராமங்கள் காவிரிப் படுகையில் நெல் விளையும் பூமியாகும். தேயிலையோ நீலகிரி போன்ற மலைச்சரிவுகளில், புளிப்புத் தன்மையுள்ள மண்ணில் விளைவது. ஆகவே இவ்வூர்க் குடியானவருக்குப் பசுந்தேயிலை காசு கொடுத்து வாங்கும் பொருளேயாகும். அக்காசுக்குத் தக்க பலன் உண்டா என்று அறிதல் நலம்.

பசுந்தேயிலையும் கருந்தேயிலையும் ஒரே செடியின் கொழுந்துகளே. பறித்தவுடன் ஆவியிலோ சூடான சட்டியிலோ வாட்டி, புளிக்கவிடாமல் உலர்த்தினால் அது பசுந்தேயிலையாகிறது. இதிலுள்ள காபீன் என்னும் பொருள் சிறுநீரைச் சிறிது பெருக்கும். அவ்வாறு கழிவது நீரேயன்றிக் கொழுப்பன்று; நீர் பருகியவுடன் குறைந்த எடை திரும்பிவிடும். பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் மருத்துவ ஆய்வுக் குழுவினரும், இதனால் எடை குறைவது அற்பமே என 2012-ம் ஆண்டில் அறிவித்தனர்.

நீர் பெருக்கும் மூலிகையே வேண்டுமாயின், சித்த வைத்தியத்தில் வழங்கும் நீர்முள்ளி நமது வாய்க்காலோரங்களில் தானே முளைக்கின்றது. அதுவும் கொழுப்பைக் கரைப்பதன்று.

உணவுடன் தேநீர் பருகின் இரும்புச் சத்து உடலிற் சேர்வது குறையும். இரத்தச் சோகையுள்ளோர் உண்டு ஒரு மணி நேரங் கழித்தே பருகுதல் வேண்டும். கால் வீக்கம் இருதயம் அல்லது சிறுநீரகக் கோளாற்றின் குறியாகலாம். அது கண்டவர் தேநீரையும் கஷாயத்தையும் நம்பிக் காலம் போக்காது மருத்துவரை நாடுவது அவசியம். பருமன் குறைய, உணவில் அளவும் உடலுழைப்புமே வழி.