மவுஸைத் தொடாமல் ஓர் ஆய்வுக் கட்டுரை

புணே பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது ஐயூகா. 1988-ல் ஜயந்த் நார்லிகரை நிறுவனர்-இயக்குநராகக் கொண்டு தொடங்கிய வானியல் மையம் அது. வானியல் கட்டுரைகள் பெரும்பாலும் லாடெக் என்ற ஆவண மொழியில்தான் எழுதப்படுகின்றன. அதில் சமன்பாடு, மேற்கோள், தலைப்பு எல்லாமே வெறும் எழுத்தாகத் தட்டச்சாகும். ஆகவே மவுஸ் இல்லாமல் விசைகளாலேயே இயக்கக்கூடிய விம், ஈமாக்ஸ் போன்ற எடிட்டர்களைப் பழகுவது இத்துறை மாணவர்களுக்கு நல்ல முதலீடு.

1991-ல் பிராம் மூலெனார் வெளியிட்ட விம்மில் எழுதுவதற்கு ஒரு நிலை, திருத்துவதற்கு ஒரு நிலை. திருத்தும் நிலையில் 'டி, ஏ, பி' (d, a, p) என மூன்று விசைகளைத் தட்டினால் ஒரு பத்தி முழுதும் நீங்கும்; 'டி, ஏ, எஸ்' தட்டினால் ஒரு வாக்கியம். 'யு' தட்டினால் போனது திரும்பிவிடும்.

முதல் சில நாட்கள் வேகம் குறையும், எரிச்சல் வரும். விம்முடனேயே வரும் 'விம்டியூட்டர்' பயிற்சியை அரை மணி நேரத்தில் முடிக்கலாம்.

ஈமாக்ஸில் குறிப்பெடுக்க உதவும் ஆர்க் மோடை 2003-ல் உருவாக்கிய கார்ஸ்டன் டொமினிக்கும் வானியலாளர்தான்.

தமிழில் எழுதுவோருக்கு ஈமாக்ஸ் கூடுதல் வசதி. கன்ட்ரோலுடன் பின்சாய்கோட்டை அழுத்தித் தமிழுக்கு மாறிய பிறகும் அதன் கன்ட்ரோல் கட்டளைகள் அப்படியே வேலை செய்யும்.