பட்டியலை ஏற்றியது யார்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து திருத்தணி பிரவுசிங் சென்டர்களில் உட்கார இடம் கிடைக்காது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டைப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டில் தெலுங்கு பேசி பள்ளியில் தமிழ் படித்த பிள்ளைகள், எல்லோரும் அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வருகிறார்கள். பாதிப் பேர் வீட்டுக்கு முதல் பட்டதாரி ஆகப் போகிறவர்கள். "அண்ணா, ஓ.டி.பி. அம்மா போனுக்குப் போகும். அவங்க வேலைக்குப் போயிருக்காங்க." "அப்ப என் நம்பரையே போட்டுடறேம்மா." கடைக்காரர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தப் பெண்ணின் விண்ணப்பக் கணக்கு அந்த நொடியிலிருந்து வேறொருவர் கைபேசியில் இருக்கிறது. ஆதார், சாதிச் சான்றிதழ், பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாம் ஸ்கேன் ஆகி, அழிக்க ஆளில்லாமல் அந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகின்றன.

இதே காகிதங்கள் பிறகு கல்லூரிக்குப் போகின்றன, அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு. அங்கே இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவர் யார்? பல்கலைக்கழகத்தில் அதற்கென்று சிறு பிரிவு இருக்கும். கல்லூரிகளில் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசிரியர் ஒருவர் தலையில் கூடுதல் பொறுப்பாக விழுந்திருக்கும். வடிவமைத்துக் கொடுத்தவர் வெளியில் கடை வைத்திருக்கும் ஒரு வெண்டர். இவர்கள் இருவருக்கும் ஒரே பயம்தான்: முகப்புப் பக்கத்தை யாராவது மாற்றிவிட்டால் என்ன செய்வது?

அப்படி நடந்திருக்கிறது. 2017 ஏப்ரலில் டெல்லி பல்கலைக்கழகம், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. டெல்லி உட்படப் பல நிறுவனங்களின் தளங்களில் பாகிஸ்தான் ஹேக்கர் குழு ஒன்று தன் வாசகங்களை ஒட்டிவிட்டுப் போனது. 2018 மே மாதம் ஜாமியா மிலியா இஸ்லாமியா தளத்தைத் திறந்தவர்கள், பூஜா என்ற பெண்ணுக்குப் பிறந்தநாள் வாழ்த்தைப் பார்த்தார்கள். நாடே சிரித்தது. இரண்டிலும் தளம் சீக்கிரமே பழையபடி ஆகிவிட்டது. மானம் போனதே தவிர, மாணவர் யாருக்கும் பெரிய சேதமில்லை. சேதம் செய்பவை சத்தம் போடாமல் நடப்பவை. அவற்றில் பெரும் பங்கு ஹேக்கர் செய்வதும் அல்ல.

2017 நவம்பரில் ஆதார் ஆணையம் ஒப்புக்கொண்ட தகவல் ஒன்று உண்டு. மத்திய, மாநில அரசுத் துறைகளும் கல்வி நிறுவனங்களுமாகச் சுமார் 210 இணையதளங்கள், பயனாளிகளின் பெயர், முகவரியோடு ஆதார் எண்ணையும் பகிரங்கமாகப் போட்டு வைத்திருந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை. அலுவலகமே ஏற்றியது. ஆதார் எண்ணைப் பொதுவெளியில் வெளியிடக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29-ஆவது பிரிவு ஏற்கெனவே சொல்லியிருந்தது.

கல்லூரிகளில் இதற்கு வழி திறப்பது பெரும்பாலும் கல்லூரியின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீடு. 'ஆதாரம் காட்டு' என்று கேட்கிறார்கள். அவசரத்தில் உதவித்தொகைப் பட்டியலை அப்படியே பி.டி.எஃப். ஆக்கி ஏற்றிவிடுகிறார்கள். பெயர், தந்தை பெயர், சாதி, கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. ஆறு கட்டங்கள். மோசடிக்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? "ஸ்காலர்ஷிப் பணம் வந்திருக்கும்மா, சரிபார்க்க ஒரு நம்பர் சொல்லுங்க" என்று அழைக்கிறான். அவள் பெயரும் கணக்கின் கடைசி நான்கு இலக்கமும் அவன் வாயிலிருந்தே வரும்போது எந்தப் பெண்ணும் நம்பத்தான் செய்வாள். மதிப்பீட்டுக்கு வேண்டியது எத்தனை பேர், எவ்வளவு தொகை என்பதுதான். எண்களை மறைத்த பிரதியைத் தளத்தில் போடலாம். முழுப் பட்டியல் கோப்பில் இருக்கட்டும், வருகிற குழு அலுவலகத்தில் பார்க்கட்டும்.

மெனுவிலிருந்து இணைப்பை எடுத்துவிட்டால் ஆயிற்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கோப்பு சர்வரில் அப்படியே இருக்கும், கூகுள் அதைக் காட்டிக்கொண்டும் இருக்கும். முதலில் கோப்பையே அழிக்க வேண்டும். பிறகு கூகுள் சர்ச் கன்சோலில் நீக்கக் கோரிக்கை வைக்க வேண்டும். அந்தக் கோரிக்கை சுமார் ஆறு மாதத்துக்கு மறைக்கும், அவ்வளவுதான். கோப்பு அங்கேயே இருந்தால் மீண்டும் முளைக்கும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கூகுளில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் கல்லூரியின் முகவரியை எழுதுங்கள். அதன்பின் 'ஆதார்' என்றோ 'அக்கவுண்ட் நம்பர்' என்றோ ஆங்கிலத்தில் அடியுங்கள். அடுத்து 'ரம்மி', 'ஸ்லாட்' என்று அடியுங்கள். கல்லூரித் தளத்தில் ரம்மி எதற்கு என்கிறீர்களா? அரசு, கல்லூரி முகவரிகளைக் கூகுள் மதிப்பதால் சூதாட்டக்காரர்கள் அவற்றுக்குள் ரகசியப் பக்கங்களை நட்டுவிடுகிறார்கள். 2024-இல் பல மாநில அரசுகளின் தளங்களே பந்தயத் தளங்களுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. முகப்பைத் திறக்கும் கல்லூரி முதல்வர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கூகுள் வழியாக வருபவன் மட்டும் திருப்பிவிடப்படுவான். 2022-இல் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்து சட்டம் போட்ட மாநிலத்தில் இது நடக்கலாமா?

நுழையும் வழி பெரும்பாலும் எளிமையானது. விண்ணப்பத்திலோ குறைதீர் படிவத்திலோ 'புகைப்படத்தை இணைக்கவும்' என்று ஒரு பொத்தான் இருக்கும். வருவது படம்தானா என்று நிரல் பார்ப்பதில்லை. படத்துக்குப் பதிலாக ஊடுருவுபவன் ஒரு பி.எச்.பி. நிரல் கோப்பை ஏற்றுகிறான், அது போய் விழும் முகவரியை பிரவுசரில் திறக்கிறான், சர்வர் அதை இயக்கிவிடுகிறது. அதன்பின் தளம் அவன் கையில். பதிவேற்றக் கோப்புறையில் எந்த நிரலும் இயங்கக் கூடாது என்று சர்வரில் சில வரிகள் எழுதினால் இந்த வழி அடைபடும். வேர்ட்பிரஸையும் அதன் பிளக்இன்களையும் புதுப்பிப்பது, பயன்படாத பிளக்இன்னை நீக்குவது, நிர்வாகக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு வைப்பது இவையெல்லாம் ஒரு மதிய வேலை. பேக்கப்பில் ஒன்றாவது சர்வருக்கு வெளியே இருக்க வேண்டும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் ஐந்து சர்வர்களின் 1.3 டெராபைட் தரவு ஹேக்கர்களால் பூட்டப்பட்டு, நோயாளிச் சீட்டைக் கையால் எழுதினார்கள்.

வெண்டர் விஷயத்துக்கு வருவோம். கல்லூரியின் இணைய முகவரி யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? வெண்டர் பெயரில் என்றால், நம் வீட்டின் பட்டா அடுத்தவர் பெயரில் இருப்பது போலத்தான். அவர் கடையை மூடினாலும், சண்டை போட்டாலும் தளம் போச்சு. 'ஏ.சி. டாட் இன்' முகவரிகளை எர்னெட் இந்தியாதான் வழங்குகிறது. பதிவை முதல்வர் அலுவலக மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முகவரி நம் பெயரில் உறுதியாக இருந்தால் போலியையும் அடையாளம் காட்டலாம். திருத்தணிக்குப் பக்கத்துத் திருப்பதியைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் தேவஸ்தானம் 41-ஆவது போலித் தளத்தைப் பிடித்துப் புகார் கொடுத்தது. அசலில் சொற்களுக்கு நடுவே புள்ளி. போலியில் அதே சொற்கள், நடுவே சிறு கோடு, கடைசியில் 'இன்'னுக்குப் பதில் 'ஆர்க்'. கட்டணம் கட்டும் காலத்தில் கல்லூரி பெயரிலும் இப்படி ஒன்று முளைக்க அதிக நேரம் ஆகாது.

தளம் கெட்டது தெரிந்ததும் வெண்டர் செய்யும் முதல் வேலை, பழைய பேக்கப்பைப் போட்டு மூடி மறைப்பது. அதோடு தடயமும் போய்விடும். பேக்கப்புக்குள்ளேயே ஊடுருவியவன் விட்டுச்சென்ற கோப்பும் இருக்கலாம். முதலில் சர்வரையும், யார் எப்போது நுழைந்தார் என்று பதிவாகும் லாகையும் நகல் எடுங்கள். 2022 ஏப்ரல் 28-இல் இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு அரசு அமைப்புகளுக்கும் பொருந்தும்: தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் புகார், 180 நாள் லாக் கையிருப்பு. முதல்வரின் அனுமதிக்குக் காத்திருந்தால் ஆறு மணி நேரம் ஓடிவிடும். யார் புகார் அனுப்புவது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

தகவல் கசிந்த மாணவிக்கு என்ன கிடைக்கும்? இங்கேதான் சட்டம் விசித்திரமாக இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில். முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்துத்தான் அமலாகும். பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது; ஆனால் அந்தப் பணம் அரசு கஜானாவுக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பைசா இல்லை. இழப்பீடு தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இதே சட்டம் நீக்கப்போகிறது. அதுவரை அந்தப் பிரிவு உயிரோடுதான் இருக்கிறது. ஐந்து கோடி வரையிலான இழப்பீட்டு மனுக்களை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளரே தீர்ப்பு அதிகாரியாக விசாரிப்பார். 2010-இல் சென்னையில் ஒரு தனியார் வங்கி தன் வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் தர இந்த வழியில்தான் உத்தரவாயிற்று. 43ஏ 'நிறுவனம்' என்று சொல்வதால் தனியார் கல்லூரி மீது வாதிடலாம். அரசுக் கல்லூரி மீது கடினம்.

அரசு தவறினால் உயர்நீதிமன்றம் இருக்கிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவியின் எஃப்.ஐ.ஆர். காவல்துறை இணையதளத்தில் அடையாளத்தோடு திறந்துகிடந்தது. இத்தகைய எஃப்.ஐ.ஆர்.களைத் தளத்தில் ஏற்றக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2016-லேயே சொல்லியிருந்தது. பழைய குற்றச் சட்டமான ஐ.பி.சி.யிலிருந்து புதிய பி.என்.எஸ்.ஸுக்கு மாறியபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று தேசியத் தகவலியல் மையம் விளக்கம் கொடுத்தது. உயர்நீதிமன்றம் அதோடு விடவில்லை. டிசம்பர் 28-இல் மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர மாநில அரசுக்கு உத்தரவிட்டது. 'சாஃப்ட்வேர் பிரச்சினை' என்று இனி எந்த வெப்மாஸ்டரும் கையை விரிக்கும் முன் இந்த உத்தரவை ஒருமுறை படிக்கலாம்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். தகவல் மட்டும் வெளியாகியிருந்தால் முகவரிப் பட்டையும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நீக்கக் கோரி முதல்வருக்கும் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் கடிதம் எழுதுங்கள். நேரில் கொடுத்தால், நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.