கேமரா இருந்தும் முகம் தெரியவில்லையே!

உத்தமபாளையம் கடைவீதியில் நமக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர். மாதக் கடைசியில் இருப்பு எடுத்தபோது ஏலக்காயில் ஒரு மூட்டை குறைந்தது. கடையில்தான் நான்கு கேமராக்கள் இருக்கின்றனவே என்று தைரியமாகப் பதிவைப் போட்டுப் பார்த்தார். மூட்டை வெளியே போன நாளும் நேரமும் கிடைத்துவிட்டன. ஆனால் தூக்கிப் போனவரின் முகம் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாகக் கலங்கல்தான் தெரிந்தது. "நேரில் டி.வி.யில் பார்க்கும்போது பளிச்சென்று தெரிகிறதே!" என்று அவர் திகைத்துப் போனார்.

பக்கத்துக் கடைக்காரருக்கு நேர்மாறான அனுபவம். அவருடைய பதிவில் மூக்குத்தி கூடத் தெளிவாகத் தெரியும். ஆனால் ஆறு நாளுக்கு மேல் பதிவு நிற்பதில்லை. கணக்கில் குறைவு என்று தெரிய வரும்போது அந்த நாளின் படம் அழிந்து போயிருக்கும்.

இருவரும் வாங்கியது ஒரே தரமான கேமராதான். வித்தியாசம் பதிவுப் பெட்டிக்குள் வைத்திருந்த அளவுகளில் இருந்தது. பொருத்த வந்தவர் வைத்ததை இருவரும் அப்படியே விட்டுவிட்டார்கள். இந்த அளவுகளைப் புரிந்துகொள்ள நமக்குக் கணக்குப் பேரேடு ஒன்றே போதும்.

படத்தைச் சுருக்குவது எப்படி?

இன்று கடைகளில் வழக்கமாக இருக்கும் 1920-க்கு 1080 புள்ளி கேமரா, விநாடிக்கு 25 படம் எடுக்கிறது. சுருக்காமல் எழுதினால் ஒரே ஒரு கேமராவின் பதிவு 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கை மூன்றரை மணி நேரத்தில் நிரப்பிவிடும். ஆகவே சுருக்கியே தீர வேண்டும்.

இரண்டு விதத்தில் சுருக்குகிறார்கள். முதலாவது, நாம் கணக்கு எழுதுகிற மாதிரிதான். தினமும் கடையிலுள்ள எல்லாச் சரக்கையும் எண்ணி எழுதுவதில்லை. ஒருநாள் முழு இருப்பு எடுக்கிறோம். பிறகு வரவையும் பற்றையும் மட்டும் எழுதி வருகிறோம். பெட்டியும் ஒரு முழுப் படத்தை எழுதிவிட்டு, அடுத்த படங்களில் எது மாறியது என்பதை மட்டும் குறித்து வைக்கிறது. அலமாரியும் சுவரும் மாறாதவை. அவற்றுக்குச் செலவு மிகக் குறைவு.

இரண்டாவது, சில்லறையைத் தள்ளிவிட்டு முழு ரூபாயாக எழுதுவது. பைசாவைத் தள்ளினால் கணக்கு பெரிதாகக் கெடாது. பத்து ரூபாய்க்கு முழுதாக்கினால் கெட ஆரம்பிக்கும். நூறுக்கு முழுதாக்கினால் கணக்கே அல்ல. முகத்தின் கண், மூக்கு, தழும்பு எல்லாம் இந்தச் சில்லறையில்தான் இருக்கின்றன. தள்ளிய சில்லறை பிறகு எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் திரும்பி வராது.

10.8 என்ற எண்

பெட்டியில் 'பிட்ரேட்' என்று ஓர் அளவு இருக்கும். விநாடிக்கு எவ்வளவு எழுதலாம் என்று நாம் கொடுக்கும் படி அது. ஒரு கேமராவுக்கு 1 மெகாபிட் கொடுத்தால் ஒரு நாளைக்கு 10.8 ஜி.பி. ஆகும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

நான்கு கேமராவுக்கும் தலா 4 மெகாபிட் கொடுத்தால் நாளொன்றுக்கு 172.8 ஜி.பி. ஆகும். 1 டி.பி. டிஸ்க் ஆறு நாள் கூடத் தாங்காது. தலா 2 என்றால் பதினொன்றரை நாள். தலா 1 என்றால் 23 நாள்.

சுருக்கும் முறையும் முக்கியம். 2003-ல் வந்த எச்.264 முறையைவிட 2013-ல் வந்த எச்.265 முறை, ஏறக்குறையப் பாதி இடத்தில் அதே தெளிவைத் தரக்கூடியது. கேமரா, பெட்டி இரண்டுமே இதற்கு ஏற்றவையா என்று பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

சராசரியை நம்பலாமா?

படத்தின் தரத்தை அளக்க பி.எஸ்.என்.ஆர். என்றொரு கணக்கு உண்டு. மூலப் படத்தையும் சுருக்கிய படத்தையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டு, டெசிபலில் மதிப்பெண் போடுவார்கள். ஆனால் அது படம் முழுவதற்குமான சராசரி. ஏலக்காய் லாட்டில் மேலாக ஒரு கை அள்ளிப் பார்த்து விலை பேசினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். முகம் படத்தில் நூறில் ஒரு பங்கு இடத்தில்தான் இருக்கிறது. சுவரும் அலமாரியும் நன்றாக இருந்தால் மதிப்பெண் உயர்ந்தே நிற்கும். கண்ணுக்குத் தெரிவதும் இந்த மதிப்பெண்ணும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதால்தான் 2004-ல் எஸ்.எஸ்.ஐ.எம்., 2016-ல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் வி.எம்.ஏ.எஃப். என்று வேறு அளவைகள் வந்தன.

நமக்கு வேண்டியது சராசரி அல்ல; முகம். 2015-ல் வந்த ஐரோப்பியத் தர விதிப்படி, முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளி வேண்டும். 1920 புள்ளி கேமரா ஏழரை மீட்டருக்கு மேற்பட்ட அகலத்தைக் காட்டினால் அந்த அளவு கிடைக்காது. கேமரா வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூட்டமும் இருட்டும்

வீரபாண்டித் திருவிழா சமயத்தில் கடையில் நிற்க இடமிருக்காது. அசைவு அதிகம் என்றால் எழுத வேண்டிய மாற்றமும் அதிகம். படியோ அதேதான். அதனால் திருடனுக்கு வசதியான நேரத்தில்தான் படம் கலங்கும். இருட்டிலும் இதே கதை. மங்கலில் படத்தில் பொடி பறப்பது போலத் தெரியும். பெட்டி அதையும் அசைவு என்று எண்ணி எழுதித் தீர்க்கும். பிட்ரேட்டை ஏற்றுவதற்கு முன் ஒரு டியூப் லைட் போட்டுப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. எல்லாக் கேமராவுக்கும் ஒரே படி வேண்டாம். கல்லாவுக்கும் வாசலுக்கும் தலா 3, கிட்டங்கிக்கு இரண்டு கேமராவுக்கும் தலா 1 என்று பிரித்தால் மொத்தம் 8 மெகாபிட். தலா 2 வைத்தால் ஆகும் இடம்தான் இதற்கும் ஆகும். முகம் மட்டும் தெளிவாகும். எச்.265 முறையில் இதைப் பாதியாக்கினால் 1 டி.பி. டிஸ்க்கில் 23 நாள் நிற்கும்.

2. மாதம் ஒருமுறை இருப்பு எடுப்பவர் 35 நாள் பதிவாவது வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் டிஸ்க் வாங்குங்கள்.

3. விநாடிக்கு 25 படம் மளிகைக் கடைக்குத் தேவையில்லை. 12 அல்லது 15 போதும். அதே படியில் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் பங்கு கிடைக்கும்.

4. நேரடிக் காட்சியைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். கூட்ட நேரத்தில் ஓர் ஆளைக் கல்லா முன் நிற்கச் சொல்லி, மறுநாள் பதிவை எடுத்துப் பாருங்கள். அவரை அறியாத ஒருவர் அந்தப் படத்தை வைத்து ஆளைக் காட்ட முடிந்தால்தான் அளவு சரி.

5. போலீசுக்குக் கொடுக்கும் பதிவை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள்; அது மறுபடியும் சுருக்கிவிடும். பெட்டியிலிருந்து பென் டிரைவில் மூலப் பதிவாகவே எடுத்துக் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம், 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். பதிவின் 'ஹாஷ்' எண்ணை அதில் குறிக்க வேண்டும். பதிவில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்தாலும் அந்த எண் மாறிவிடும்.

மூட்டையை இழந்த நண்பர் இப்போது கல்லா கேமராவின் அளவை மாற்றி, பெரிய டிஸ்க் போட்டிருக்கிறார். போன மூட்டை திரும்பவில்லை. வணிகப் பெருமக்கள் இந்த வாரமே, கடை அடைக்கும் முன் கால் மணி நேரம் ஒதுக்கி, தங்கள் கடையின் பதிவை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.