நீக்கியும் இடம் காலியாகவில்லையே, ஏன்?

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வந்தது. டெபியன் வழி வந்த இதைச் சென்னை சி-டாக் உருவாக்கியது. அதில் கணிதக் கட்டுரையை அச்சுக்கோக்க ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெக்ஸ்லைவ்-ஃபுல்’ என்று தட்டினால், பல ஜிபி இறங்கும். பிறகு ‘ரிமூவ்’ கொடுத்தால் சில கேபிதான் மீளும்!

டெக்ஸ்லைவ்-ஃபுல் வெறும் பட்டியல். எழுத்துருக்கள், மொழிக் கோப்புகள் எல்லாம் தனித்தனித் தொகுப்புகள். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லாரிச் சீட்டைக் கிழித்தால் இறக்கிய மூட்டை மறைந்துவிடுமா?

நாம் கேட்டு வந்தது எது, இன்னொன்றுக்குத் துணையாக வந்தது எது என்று தொகுப்புகளை நிறுவும் கருவியான ஆப்ட் குறித்து வைக்கிறது, அருமையான ஏற்பாடு. அதைப் பார்த்துத்தான் ‘ஆட்டோரிமூவ்’ அநாதைத் தொகுப்புகளை அகற்றுகிறது. ‘பர்ஜ்’ என்றால் அமைவுக் கோப்புகளும் போகும். ‘ஒய்’ தட்டுமுன் திரையில் வரும் பெயர்களை அவசியம் படியுங்கள்.